கேரவனில் துப்பாக்கி: வேலூரிலிருந்து அலிபிரி வரை

திங்கள், வேலூர்

உரிமம் பெற்ற துப்பாக்கியைக் கேரவனில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து ஆந்திரத்துக்குள் நுழைபவர் இரண்டு சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவர். வண்டிக்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டிக்கு அந்தப் பதிவு நாடு முழுவதும் செல்லும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால்தான் புதிய பதிவெண் வாங்க வேண்டும். துப்பாக்கி உரிமம் அப்படியல்ல. அதில் எழுதியிருக்கும் பரப்புக்குள் மட்டுமே அது செல்லும். அந்தப் பரப்பு ஒரு மாவட்டமாகவோ, ஒரு மாநிலமாகவோ, நாடு முழுவதுமாகவோ இருக்கலாம்.

ஆகவே பயண ஏற்பாடு உரிமப் புத்தகத்தில் செல்லுபடிப் பரப்பு எழுதப்பட்ட இடத்தைப் படிப்பதில் தொடங்குகிறது. அங்கே ‘தமிழ்நாடு’ என்று மட்டும் இருந்தால், பரப்பை நீட்டிக்கச் சொல்லி உரிமம் தந்த அதிகாரியிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மாவட்டங்களில் அவர் ஆட்சியர். சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையர். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் பதிவான தனி அடையாள எண், காலாவதித் தேதி, துப்பாக்கியின் எண் மூன்றையும் அப்போதே சரிபார்த்துக்கொள்வது வழக்கம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று வரை அனுமதி இருந்தது. உரிமத்தின் ஆயுள் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்ந்ததும் அதே திருத்தத்தில்தான்.

வண்டியிலும் பார்க்க வேண்டியது உண்டு. வேனை வாங்கி, படுக்கையும் சமையல் மேடையும் பொருத்தித் தாமே கேரவனாக மாற்றிக்கொள்வது சட்டப்படி எளிதல்ல. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறான மாற்றங்கள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆர்.சி. புத்தகத்தில் வண்டி ஒரு வகையாகவும் சாலையில் வேறு வகையாகவும் இருந்தால், சாவடியில் நிறுத்திவைக்க அதுவே காரணமாகிவிடும்.

செவ்வாய், கிறிஸ்டியான்பேட்டை – சித்தூர்

வேலூரிலிருந்து சித்தூர் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். காட்பாடியைத் தாண்டினால் தமிழகப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை, ஆந்திரப் பக்கம் நரஹரிப்பேட்டை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் வணிக வரிச் சாவடிகள் மூடப்பட்டன. மது, கஞ்சா, செம்மரம் ஆகியவற்றைத் தேடும் சோதனை நிற்கவில்லை. மூடிய பெட்டி போன்ற பெரிய வண்டி என்பதால் கேரவன் கண்ணில் படாமல் போவதில்லை.

துப்பாக்கி இருப்பதைக் காவலர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. உரிமத்தைக் காட்டச் சொல்லும் அதிகாரம் ஆயுதச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் இருக்கிறது. குழலின் அடியில் பொறித்த எண்ணைக் காவலர் விரலால் தடவிப் பார்த்து, உரிமப் புத்தகத்தின் எண்ணோடு ஒப்பிடுவார், தோட்டாக்களை எண்ணுவார். ஆகவே தோட்டாவை இறக்கிய துப்பாக்கி உறையில் பூட்டியும், தோட்டாக்கள் தனிப் பெட்டியிலும் இருந்தால் சோதனை சீக்கிரம் முடியும். படுக்கைக்கு அடியிலோ சமையல் மேடை இழுப்பறையிலோ வைத்திருந்தால் கேள்விகள் நீளும்.

உரிம நிபந்தனையை மீறினால் 30ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உரிமமே இல்லாமல் வைத்திருப்பது அதைவிடப் பெரிய குற்றம்: இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிப்போக்கருக்குப் பாதுகாப்பு தருகிறது. புறப்படும் மாநிலத்திலும் சேரும் மாநிலத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ளவர், தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் வைத்து இடைப்பட்ட மாநிலங்களைக் கடக்கலாம். இந்தியாவில் உரிமத்தில் எழுதிய பரப்பே அந்த வேலையைச் செய்கிறது.

புதன், சித்தூர் – பலமநேர்

சித்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் பயிரைக் காக்கும் நாட்டுத் துப்பாக்கிதான். குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் இந்த வகைக்கு, உண்மையான பயிர்க் காவலுக்காகக் கேட்பவருக்கு உரிமம் தர வேண்டும் என்று 13ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது. நிலத்தைக் காக்கக் கொடுத்த உரிமத்தை ஊர்சுற்றக் கொண்டுபோக முடியாது.

பலமநேர், குப்பம் பக்கம் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. 1980களில் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து வந்த யானைகள் இங்கே தங்கின. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பொது நெடுஞ்சாலையில் சரணாலயத்தைக் கடந்து செல்பவருக்கு நுழைவுத் தடையிலிருந்து விலக்கு தருகிறது. எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்துடன் நுழையக் கூடாது என்னும் 31ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. ஆகவே கேரவனுக்குத் திறந்திருக்கும் சாலை துப்பாக்கிக்கும் திறந்திருக்கிறது என்று கொள்ள முடியாது. தேசியப் பூங்காக்களுக்கும் இந்தத் தடை பொருந்துவதால், சேஷாசல மலையில் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவிலும் இதே நிலைதான்.

தோப்புகளில் வண்டியை நிறுத்தித் தங்குபவர்கள் விளையாட்டாக எடுத்துவரும் ஏர்கன்னும் கவனத்துக்கு உரியது. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழல் அளவோ, 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ இருந்தால் அதற்கும் உரிமம் வேண்டும். சமையல் கத்தி, அரிவாள்மனை போன்ற வீட்டு உபயோகப் பொருள்கள் சட்டம் சொல்லும் ‘ஆயுதத்தில்’ சேராது.

வியாழன், திருப்பதி – அலிபிரி

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது. அன்றுமுதல் இந்த வழியில் மாவட்ட எல்லை ஒன்று கூடியிருக்கிறது. துப்பாக்கியோடு ஓரிடத்தில் முப்பது நாளுக்கு மேல் தங்கினால் அந்த இடத்து உரிம அதிகாரிக்கும், உரிமம் கொடுத்த அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். கேரவன் வீடாகவும் பயன்படுவதால் இந்த விதி எளிதில் மறந்துபோகும். எந்த மாவட்டத்தில் தங்கியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து எந்த ஆட்சியருக்கு எழுதுவது என்பதும் மாறும்.

திருமலைக்கு ஆயுதம் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. உரிமம் இருப்பது அங்கே சமாதானமாகாது. மலையேறும் வழியில் உள்ள அலிபிரி சாவடியில் வண்டிகளும் மூட்டைகளும் சோதிக்கப்படுகின்றன. 2003 அக்டோபர் 1 அன்று அலிபிரியில் அன்றைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவைக் குறிவைத்து நக்சலைட்டுகள் கண்ணிவெடித் தாக்குதல் நடத்தினர்.

துப்பாக்கியை ஓட்டுநரிடம் விட்டுவிட்டுப் பேருந்தில் மலையேறலாம் என்று நினைப்பதும் சிக்கல்தான். உரிமத்தில் பெயர் இல்லாதவர் கையில் அது போனதும், அவர் உரிமமின்றி வைத்திருப்பவராகிவிடுகிறார். பூட்டிய கேரவனில் விட்டுச்சென்றாலும் உரிமையாளரின் பொறுப்பு தீராது. கையில் இல்லாவிட்டாலும் கட்டுப்பாடு இருந்தால் அது ‘வைத்திருத்தல்’தான் என்று 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. காப்பு வைப்புக்கு அனுமதி பெற்ற துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்குவதே முறையான வழி.

வெள்ளி, நகரி – திருத்தணி

திரும்பும் வழி நகரி, திருத்தணி. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மாநில எல்லை குறித்த படாஸ்கர் தீர்ப்பின்படி அது சென்னை மாநிலத்துக்கு வந்தது; அன்றுமுதல் நகரியும் திருத்தணியும் இரு வேறு மாநிலங்களில் உள்ளன. எனவே துப்பாக்கி திரும்பி வரும்போதும் அதே உரிமப் பரப்பு, அதே சோதனை.

தேர்தல் காலத்தில் நிலைமை இன்னும் இறுகும். 2024இல் மார்ச் 16 அன்று தேர்தல் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, ஆந்திரத்தில் மே 13, வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முடிந்த பிறகும் நடத்தை விதிகள் இரு மாநிலத்திலும் நீடித்தன. அத்தகைய நாள்களில் மாவட்ட நிர்வாகம் கேட்டால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கிச் சங்கத்தில் பதிவான விளையாட்டு வீரர்களுக்கும் விலக்கு உண்டு.

வழியில் துப்பாக்கி தொலைந்தாலோ திருடுபோனாலோ, ஊர் திரும்பும்வரை காத்திராமல் அருகிலுள்ள காவல் நிலையத்தில் உடனே எழுதிக்கொடுக்க வேண்டும். பயணத்தின் நோக்கம் ஏழுமலையான் தரிசனம் மட்டும் என்றால், துப்பாக்கியை வேலூரிலேயே காப்பில் வைத்துவிட்டுக் கிளம்பலாம். மேலே சொன்ன நடைமுறைகளில் வண்டிக்கு உரியவை மட்டுமே மிஞ்சும்.