மலை மறைக்காது

வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் தங்கும் வழக்கம் மேல்நாட்டாருடையது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போன தலைமுறை இதை ஒப்புக்கொள்ளாது. வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமக்காளம் விரித்து, அடியில் லாந்தர் தொங்க, அரிசியும் பருப்பும் மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்கள் அவர்கள். கோயில் ஊரின் தோப்பு ஒன்றில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, மூன்று கல் கூட்டிச் சமைத்து, விழா முடிந்த பிறகே திரும்பினார்கள். இன்று அந்த வண்டிக்கு எஞ்சின் வந்துவிட்டது. படுக்கையும் மின்விசிறியும் மின்கலமும் வந்துவிட்டன. இவற்றோடு தொலைக்காட்சியும் ஏற வேண்டுமா என்பது பற்றித்தான் 2023ஆம் ஆண்டு ஐப்பசியில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது.

தங்கையின் மகன் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, இருவர் படுக்கும்படி அமைத்திருந்தான். அதில் முதல் பயணமாக என் தாயாரைக் கார்த்திகை தீபத்துக்கு அழைத்துப் போவதென்று முடிவாயிற்று. அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. போளூர்ப் பக்கத்தில் பிறந்தவர். நடக்க முடிந்த காலமெல்லாம் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தைத் தவறவிட்டதில்லை. முழங்கால் கைவிட்ட பிறகு பத்தாண்டுகளாகத் தீபத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்த்து வந்தார். நான்கு சுவருக்குள் விளக்கேற்றி வைத்துவிட்டு, திரைக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

வண்டி நிற்பதற்கு இடம் அடி அண்ணாமலையில் கிடைத்தது. கிரிவலப் பாதையில் வருண லிங்கத்தைக் கடந்து வாயு லிங்கத்துக்குப் போகும் வழியில், மலையின் மேற்குப் புறத்தில் இருக்கிறது அந்தச் சிற்றூர். பிரமன் நிறுவியதாகச் சொல்லப்படும் ஆதி அருணாசலேசுவரர் கோயிலும், மாணிக்கவாசகருக்கு ஒரு சிறு கோயிலும் அங்கே உண்டு. நகரத்தின் பெரிய கோயில் மலைக்கு மறுபுறம். உறவினர் ஒருவரின் தோட்டம் அங்கே இருந்ததால், தீபத்துக்கு முன்னால் பாதையில் வாகனங்களை நிறுத்திவிடுவார்கள் என்பதை எண்ணி, இரண்டு நாள் முன்னதாகவே உள்ளே போய் நின்றுவிடுவதாகத் திட்டம்.

“மலைக்கு அடியிலயே போய் உட்கார்ந்துகிட்டு டிவி பார்க்கணுமாண்ணா? அதுக்கு வீட்டிலயே இருந்துடலாமே” என்றாள் தங்கை. அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. “போன்ல வருதே மாமா, தனியா எதுக்கு டிஷ்?” என்றான் அவள் மகன். வழக்கு இரண்டு மூன்று நாள் இழுத்தது. கடைசியில் அம்மாவே தீர்ப்புச் சொன்னார்: “மலை மேல ஏத்தறதை நான் கண்ணால பார்த்துக்கறேன். கொடிமரத்தண்டை சாமி வர்றதைத்தான் எனக்குக் காட்டணும்.”

தீபத் திருநாளை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால், ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, அர்த்தநாரீசுவரர் சந்நிதியிலிருந்து வெளியே வந்து கொடிமரத்தருகே சில நிமிடங்கள் மட்டும் காட்சி தருவார். அங்கே அகண்ட தீபம் ஏறியதும், அதைக் கண்டு மலை உச்சியில் மகாதீபம் ஏற்றுவார்கள். கோயிலுக்குள் நெருக்கத்தில் நிற்பவர் முதற்காட்சியைக் காணலாம். வெளியே நிற்பவருக்கு மலைத்தீபம் மட்டுமே. மலைக்கு மேற்கே, நடக்க முடியாத ஒருவர் இரண்டையும் காண வேண்டுமானால் ஒரு கண் சன்னலிலும் ஒரு கண் திரையிலும் இருந்தாக வேண்டும். அம்மா கேட்டது பொழுதுபோக்கு அன்று.

எந்தக் கருவியைத் தேர்வது என்ற கேள்வி அதற்குப் பிறகு எளிதாகிவிட்டது. கைப்பேசி முதலில் கழிந்தது. லட்சக்கணக்கானோர் ஒரே மலையைச் சுற்றி நடக்கும் மாலையில், அத்தனை பேரும் ஒரே கோபுரங்களின் அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆள் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் கிடைப்பது குறையும். செயற்கைக்கோள் ஒளிபரப்பின் இயல்பு வேறு. வானிலிருந்து பொழிவது மழை மாதிரி. ஒருவர் பாத்திரம் வைத்தாலும் பத்து லட்சம் பேர் வைத்தாலும் யாருக்கும் குறைவதில்லை.

அமெரிக்காவில் இப்படி வண்டியில் ஊர் சுற்றும் நியூ ஜெர்சி நண்பர் ஒருவரிடம் விசாரித்தேன். அங்கே மூன்று வகை உண்டாம். ஓடும்போதே செயற்கைக்கோளைப் பின்தொடரும் கூரைக் குவிமாடம் ஒன்று. வண்டி நின்றபின் தானே திசை தேடிக்கொள்ளும் சிறு குவிமாடம் ஒன்று. முக்காலியில் நிறுத்திக் கையால் திருப்பும் சாதாரண டிஷ் ஒன்று. முதல் இரண்டும் விலை மிகுந்தவை. அதோடு, தேட வேண்டிய செயற்கைக்கோள்களின் பட்டியலைத் தமக்குள் எழுதி வைத்திருப்பவை. அவற்றுக்கு அமெரிக்க வானம்தான் தெரியும், நம்முடையது தெரியாது. ஆக நமக்கு முக்காலிதான். ஓடும் வண்டியில் பார்க்க எங்களுக்கு எதுவும் இல்லை என்பதால் அதில் வருத்தமும் இல்லை.

அடுத்து, யாருடைய ஒளிபரப்பு? கட்டணச் சேவைகளில் தமிழ்ச் சேனல்கள் ஏராளம். ஆனால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஆண்டில் சில நாட்கள் மட்டும் நகரும் வண்டிக்கு அது பொருந்தாது. தூர்தர்ஷனின் இலவசச் சேவை 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. பின்னர் டிடி ஃப்ரீ டிஷ் ஆயிற்று. பெட்டியும் டிஷ்ஷும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை. அதில் தமிழ்ச் சேனல்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் தீபத்தை நேரலையில் காட்டும் பொதிகை அதில் இருந்தது. (2024 ஜனவரியிலிருந்து அதன் பெயர் டிடி தமிழ்.) எங்களுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

இனி மலை. டிஷ் வாங்கப் போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்ட முதற்கேள்வி, “மலை மறைக்காதா?” என்பதே. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. திருவண்ணாமலையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில் இருக்கும். அடி அண்ணாமலைக்கு மலை கிழக்குப் புறத்தில். எனவே கேள்வி நியாயமானதே. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர். சுற்றியுள்ள தரையிலிருந்து அறுநூறு மீட்டருக்குச் சற்று மேல். பதினான்கு கிலோமீட்டர் சுற்றளவுள்ள பாதையில் நிற்பவருக்கு உச்சி இரண்டு கிலோமீட்டருக்குக் கூடுதலான தொலைவில் இருக்கும். அப்படியானால் அவர் உச்சியைக் காண அடிவானத்திலிருந்து இருபது பாகைக்குள் தலையை உயர்த்தினால் போதும். செயற்கைக்கோளோ 68 பாகை உயரத்தில், ஏறத்தாழ உச்சந்தலைக்கு அருகில் நிற்கிறது. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்வதால் கிடைத்த வசதி இது. நியூ ஜெர்சியில் நண்பர் தேடும் செயற்கைக்கோள் 36 பாகை உயரத்திலேயே நின்றுவிடும். பக்கத்து வண்டியின் கூரையும் அவருக்குத் தடை.

வேறு சேவைகளுக்கும் கணக்கிட்டுப் பார்த்தேன். 83 பாகையில் இருக்கும் டாட்டா பிளே இங்கிருந்து 75 பாகை உயரத்திலும், 108.2 பாகையில் இருக்கும் ஏர்டெல் 53 பாகை உயரத்திலும் தெரியும். எதையும் மலை மறைக்கப்போவதில்லை. ஆனால் டிஷ் பொருத்தக் கற்றுக்கொடுத்த இளைஞர் வேறொன்று சொன்னார்: “மலை மறைக்காதுண்ணா. மரந்தான் மறைக்கும்.” இலை முழுக்க நீர், இந்த அலைகளை நீர் விழுங்கிவிடும். ஆகவே தோட்டத்தில் வண்டி நிறுத்தும் இடத்தை நிழல் பார்த்து அல்ல, தென்கிழக்கு வானம் பார்த்துத் தேர வேண்டியிருந்தது. புளியமரத்தை விட்டு விலகி நின்றோம். பகலில் வெயில் சற்றுச் சுட்டது. டிஷ்ஷை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், முக்காலியின் சிறப்பே அதுதான். கூரையில் அறைந்த டிஷ் வண்டியோடு நிழலில் மாட்டிக்கொள்ளும். எங்களுக்கு மலை தெரியும் சன்னலும் வேண்டியிருந்ததால் வண்டியையே நகர்த்தினோம்.

வாங்கியவை இவ்வளவே: 60 சென்டிமீட்டர் டிஷ், இரும்பு முக்காலி, பத்து மீட்டர் கேபிள், ஒரு திசைகாட்டி, சிக்னல் வந்தால் கீச்சிடும் சிறு மீட்டர், முக்காலியின் கால்களில் வைக்க மூன்று மணல் பைகள். அந்த அளவு டிஷ்ஷின் பார்வை மூன்று பாகை அகலமே. காற்று சிறிது அசைத்தாலும் படம் உடையும் என்பதால் மணல் பைகள் அலங்காரம் அல்ல. இந்த டிஷ்கள் நேராகப் பார்ப்பவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெறும் முனை கீழே ஒதுங்கியிருப்பதால், முகம் பார்க்கும் திசையைவிட ஏறத்தாழ 25 பாகை மேலே அதன் உண்மையான பார்வை இருக்கும். எங்கள் டிஷ் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே வழிப்போக்கர்கள் நினைத்தார்கள். அது மலைக்கு வெகு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

மின்சாரத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 12 வோல்ட்டில் இயங்கும் 24 அங்குலத் திரையும் பெட்டியும் சேர்ந்து நாற்பது வாட் அளவே எடுக்கும். 100 ஆம்பியர் மணி மின்கலத்தில் பாதியைச் செலவிட்டாலே பதினைந்து மணி நேரம் ஓடும். அஞ்ச வேண்டியது மழையை. கார்த்திகை என்பது வடகிழக்குப் பருவமழையின் காலம். கனமழை கொட்டும் நிமிடங்களில் எந்த டிஷ்ஷும் குருடாகும். அதற்கு மருந்து இல்லை.

நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணிக்கே அம்மா சன்னலோரம் அமர்ந்துவிட்டார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியையும் உள்ளே அழைத்து உட்காரவைத்தார். அந்த அம்மாள் அதே ஊரில் பிறந்து அங்கேயே மணமாகி, ஐம்பது வயதைக் கடந்தவர். தீபத்தன்று பாதையோரம் மோர் விற்பார். அன்றைய வருமானம் அந்தக் குடும்பத்துக்குப் பெரிது. ஆகவே அந்த நாளில் ஒருமுறைகூடப் பெரிய கோயிலுக்குள் போனதில்லை என்றார். மோர்ப் பானையை மகனிடம் விட்டுவிட்டு அரை மணி நேரத்துக்கு வந்திருந்தார்.

திரையில் அர்த்தநாரீசுவரர் வந்தார், ஆடினார், திரும்பினார். அந்தப் பெண்மணி எழுந்து நின்று, “இவ்ளோதானாம்மா? இதுக்குள்ளயே உள்ளே பூட்டாரே!” என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இவ்ளோதான். இதுக்குத்தான் அத்தனை கூட்டமும்” என்றார்.

அந்த நேரத்தில் வெளியே பாதை முழுவதும் “அரோகரா” என்று எழுந்தது. சன்னலில் பார்த்தோம். உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் தோன்றி நிமிர்ந்தது. திரையிலோ மலை இன்னும் இருட்டாக நின்றது. சில நொடிகள் கழித்தே அதிலும் தீபம் ஏறியது. “டிவிக்கு இன்னும் சேதி போகலை” என்று அம்மா சிரித்தார்.

உண்மைதான். உச்சியின் ஒளி நேரே எங்கள் கண்ணுக்கு வர, ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கும் ஆகாது. படமோ தில்லியின் தோடாப்பூர் நிலையம் வரை போய், அங்கிருந்து 36,000 கிலோமீட்டர் ஏறி, மீண்டும் அவ்வளவும் இறங்க வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்துக்குக் கால் நொடிதான். இடையில் படத்தைச் சுருக்கி விரிக்கும் வேலைக்கே மீதி நேரம். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஏறிய விளக்கின் படம் இவ்வளவு சுற்றி வந்து அதே சன்னலுக்கு அருகில் விழுந்தது. தங்கை எழுந்து திரையை அணைத்தாள். யாரும் மறுக்கவில்லை.

நெய்யும் காடாத் துணியும் கொண்டு ஏற்றப்படும் தீபம் பதினொரு நாள் எரியும். நாங்கள் இன்னும் ஒரு நாள் இருந்தோம். பெட்டியை மறுபடி இயக்கவில்லை.

புறப்படும் காலையில் முக்காலியை மடிக்கப் போனபோது அம்மா தடுத்தார். அந்தப் பெண்மணியின் வீட்டில், 2006க்குப் பிறகு அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி ஒன்று, கேபிளுக்குப் பணம் கட்ட இயலாமல் துணி மூடிக் கிடப்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். பழைய பெட்டியில் செருகும் மூன்று வண்ணக் கம்பியும் ஃப்ரீ டிஷ்ஷில் உண்டு. தங்கையின் மகன் வீட்டுக் கூரையோரம் டிஷ்ஷைப் பொருத்தி, மீட்டர் கீச்சிடும் வரை திருப்பி, திருகாணிகளை இறுக்கினான். கூடவே முருங்கைக் கிளை ஒன்றையும் வெட்ட வேண்டியிருந்தது. மணல் பைகளை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.