ஆசிரியர்க்கு இளைப்பொழித்தல்

இறைவன் உயிர்களின்பொருட்டு இயற்றும் ஐந்தொழில்களுள் அழித்தலை வெகுளியின் செயலென்று அஞ்சுவாரும் உளர். சித்தாந்த நூலோரோ அதனை இளைப்பொழித்தல் என்றே கொண்டனர். பிறந்தும் இறந்தும் வினைப்பயன் நுகர்ந்தும் எய்த்த உயிர்கள், மீட்டும் உடம்பெடுத்துத் தொழிற்படுமுன் சிறிது ஓய்ந்திருத்தல் வேண்டுமென்னும் கருணையே அத்தொழிற்குக் காரணமாம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் விளக்கியருளிய இக்கருத்தினால், ஓய்வும் தொழிலின் ஓர் உறுப்பே என்பது போதரும். இதனைத் திருச்சிராப்பள்ளிப் புத்தூரில் வாழும் தமிழாசிரியர் ஒருவர், ஒரு கோடை விடுமுறையில் தம் வாழ்வில் வைத்தே உணர்ந்தார்.

அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியத் தொழிலில் நின்றவர். வகுப்பிற்கு ஐம்பதின்மர், அவர்தம் ஏடுகளைத் திருத்துதல், மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுதல், பொதுத்தேர்வு முடிந்தபின் விடைத்தாள் திருத்தும் முகாமிற்குச் செல்லுதல் என ஓயாது உழைத்தார். விடுமுறைக்குச் சில நாள் முன்பு மாணவன் ஒருவன் அணுகி, "ஐயா, உய்யக்கொண்டான் என்னும் பெயர்க்குப் பொருள் யாது?" என வினவினான். "தேர்விற்கு வாராததைக் கேளாதே; போய் உட்கார்" என்று அவர் சீறினார். சிறுவன் வாய் பேசாது திரும்பினான். அன்றிரவு அவன் முகமே அவர் கண்முன் நின்றது. பத்துத் திங்கள் தம்மிடம் பாடங்கேட்ட அவனுடைய பெயர் நினைவிற்கு வாராமை அதனினும் கொடிதாயிற்று. 'இனி யான் இத்தொழிற்குத் தகுதியுடையேனல்லேன்' எனத் துணிந்து, விருப்ப ஓய்வு வேண்டி ஒரு விண்ணப்பம் எழுதிப் பெட்டியில் வைத்தார்.

இத்தகைய தளர்ச்சியை ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளநூற் புலவர் 1974-ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் இதற்கு மூன்று குறிகள் கூறியது. ஆற்றல் வற்றுதல், தொழிலினின்று மனம் விலகி வெறுத்தல், செய்வது பயன்படவில்லை என்னும் எண்ணம் என்பன அவை. பணியிடத்தில் நெடுநாள் நீங்காது நின்ற நெருக்கடியே இதற்குக் காரணமென்றும் அது கூறிற்று. ஆதலின், இதனை ஆசிரியரின் மனவலியின்மை என்று மாத்திரம் இகழ்தல் பொருந்தாது.

விடுமுறையின் முதற் பத்து நாளும் அவர் உறங்கியும் கைப்பேசியை நோக்கியும் கழித்தார். உடல் ஓய்ந்தது, உள்ளம் தெளிந்திலது. ஒருநாள் மாலை உய்யக்கொண்டான் வாய்க்காற் கரையில், ஓய்வுபெற்ற முதிய ஆசிரியர் ஒருவரைக் கண்டு தம் நிலையைச் சொன்னார். பேட்டைவாய்த்தலையில் காவிரியினின்று பிரிந்துவரும் அவ்வாய்க்காலில் அப்பொழுது நீர் நிறுத்தப்பட்டிருந்தது. தூர் வாரும் பணி நடந்தது. முதியவர் அதனைச் சுட்டி, "தம்பி, நீரை நிறுத்தியது தூர் வாருதற்கு. வாராமல் நிறுத்தி மட்டும் வைத்தால் என்ன பயன்? வாய்க்கால் காயும், சேறு அங்கேயே கிடக்கும்" என்றார்.

அச்சொல் ஆசிரியர் உள்ளத்தில் தைத்தது. கேவல நிலையில் உயிர் கருவிகளோடு கூடாது ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கும். அங்கே உழைப்பு இல்லை, விளக்கமும் இல்லை. தமது பத்து நாள் ஓய்வு அதனை ஒத்ததென்று அவர் கண்டார்.

அதன்பின், தனிப்பாடம் கற்பிக்க வந்த அழைப்பை மறுத்தார். பள்ளிச் செய்திகளை நாளில் ஒருமுறை மட்டும் நோக்கினார். விடியலில் உய்யக்கொண்டான் திருமலைக்கு நடந்தார். மூவரும் பாடிய திருக்கற்குடி அதுவே. பாடத்திட்டத்தில் இல்லாத நூலொன்றை, குறிப்பெடாமல், தம் இன்பத்திற்கென்றே படித்தார். பின்னர், தாமே செய்ய வேண்டுமென்று தாம் கருதிய வேலைகளை ஒரு தாளில் எழுதினார். அவற்றுட் பாதி பிறர் செய்யக்கூடியன. சில ஒருவருமே செய்ய வேண்டாதன. 'யான் இல்லையேல் எல்லாம் கெடும்' என்னும் எண்ணமே தம்முள் படிந்த சேறு என்பது அப்பொழுது புலப்பட்டது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கராகிய பூவாளூர்த் தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவியினின்று 1880-ஆம் ஆண்டில் உடல் நலிவால் விலகினார். விலகுமுன், தம் ஆசிரியரிடமே பயின்ற உ. வே. சாமிநாதையரை அவ்விடத்தில் அமர்வித்தார். அவ்வையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தமையைத் தமிழுலகம் அறியும். தளர்ந்தவர் சுமையை உரியவரிடம் ஒப்புவித்தமையால் தமிழ் குன்றிற்றில்லை, வளர்ந்தது.

அற்றேல், உழவர்க்கும் கூலியாளர்க்கும் இல்லாத நெடிய விடுமுறை ஆசிரியர்க்கு மாத்திரம் எற்றுக்கு எனின், ஓய்வு அவர்க்கும் வேண்டுவதே. அவர்க்கு இல்லாமை ஆசிரியர்க்கும் இல்லாமையால் நிரம்பாது. ஆசிரியர் உள்ளம் வறண்டவழி அதன் துன்பம் ஐம்பது சிறுவரைச் சாரும். ஆதலின், கோடை நாட்களைப் பயிற்சியாலும் பிற பணியாலும் நிரப்பாது விடுதல் பள்ளி நடத்துவார் கடன். விட்ட நாட்களைத் தூர் வாருதற்குப் பயன்படுத்துதல் ஆசிரியர் கடன்.

சூன் திங்களில் பள்ளி திறந்தது. ஆசிரியர் அச்சிறுவனைத் தேடிச்சென்று, முதலில் அவன் பெயரைக் கேட்டார்; பின்னர், "உயிர்கள் உய்யும்படி ஆட்கொண்டவன் என்பது நீ கேட்ட பெயரின் பொருள். அன்று சினந்தது என் பிழை" என்றார். சிறுவன் நாணி நகைத்து, "ஆனால் வாய்க்காலுக்கு ஏன் அந்தப் பெயர், ஐயா?" என்று அடுத்த வினாவைத் தொடுத்தான். அவர் அமர்ந்து விடை கூறத் தொடங்கினார். அவ்விண்ணப்பம் இன்னும் பெட்டியில் உளது. அதனை அவர் கிழித்திலர், கொடுத்தும் இலர். அடுத்த கோடை வரும்பொழுது, அதனை எடுத்து நோக்கித் தூர் வாரத் தொடங்குவார்.

திருச்சிற்றம்பலம்.