ஜரிகையும் எதிரொலியும்

ஆரணியில் பிறந்தவனுக்குத் தறியின் ஓசையே தாலாட்டு. என் தந்தை பட்டு நெய்தார்; நானும் முப்பத்தைந்து ஆண்டுகளாக நெய்து வருகிறேன். என் மகனோ தறியில் அமர விரும்பவில்லை. திருமண வரவேற்புகளில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ஒரு பாடல் முடியுமுன் அடுத்ததை அதனோடு இழைத்து ஒலிக்கச் செய்யும் 'டி.ஜே.' தொழிலை அவன் தேர்ந்துகொண்டான்.

"கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதுவா பிழைப்பு?" என்று நான் கடிந்ததுண்டு. அவன் மறுத்துப் பேசவில்லை. ஒரு காட்சியைக் காட்டினான். 2023 ஆகஸ்ட் 6 அன்று, லிஸ்பன் நகரில் உலக இளையோர் நாளின் நிறைவுத் திருப்பலிக்கு முன்பு, கில்யெர்மே பெய்ஷோட்டோ என்னும் போர்த்துக்கேயக் குரு இதே கலையால் திரளான இளைஞரைத் துயிலெழுப்பிய காட்சி அது. அதன்பின் அவன் தொழிலை நான் இழித்துப் பேசவில்லை.

ஓரிரவு அவனருகே அமர்ந்து பார்த்தேன். தறியில் ஒரு பாவு தீரும் வேளையில், பழைய இழைகளின் நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்போம். அவனும் அதையே செய்தான். நிமிடத்திற்கு 120 தாளமுள்ள பாடலோடு 116 தாளமுள்ளதைச் சேர்க்க, மென்பொருள் பின்னதன் வேகத்தைச் சற்றே கூட்டுகிறது. சுருதி மாறாமலும் காக்கிறது. இரு பாடல்களின் கீழொலிகள் மோதாதபடி, 'ஃபில்டர்' கொண்டு ஒன்றன் கீழொலியை வடித்துவிடுகிறான். பாடலை முடிக்குமிடத்தில் 'எக்கோ' என்னும் எதிரொலியைச் சேர்க்கிறான். 120 தாளப் பாடலில் ஒரு தாளத்திற்கு அரை விநாடி. எதிரொலியும் அரை விநாடிக்கொருமுறை திரும்பி வந்தால் தாளத்தோடு இசையும், தவறினால் சிக்கெடுக்காத நூல்போல் ஆகிவிடும்.

'ரிவெர்ப்' என்னும் முழக்கத்தை அவன் அதிகம் தொடுவதில்லை. "மண்டபத்துச் சுவர்களே போதிய முழக்கம் தரும். மேலும் சேர்த்தால் பாட்டின் சொற்கள் கரைந்துபோகும். ஜரிகை கரையோடு நின்றால்தானே அப்பா அழகு?" என்றான். என் மனம் நெகிழ்ந்தது.

சில வாரங்களுக்குப் பின் ஒரு வரவேற்பில், மணமக்கள் மேடையேறும் வேளையில், பாட்டு நின்றது. மண்டபமே அவனைத் திரும்பிப் பார்த்தது. பேசிய தொகையில் பாதியே கைக்கு வந்தது.

வீடு திரும்பியவன் கணினியை ஆராய்ந்தான். ஒலியை அது விநாடிக்கு 44,100 துளிகளாகப் பகுத்துக் கையாளுகிறது. 441 துளிகளாகத் திரட்டி அனுப்பினால், தாமதம் ஒரு விநாடியில் நூற்றிலொரு பங்கு. திரட்டைக் குறைத்தால், கை அசைந்தவுடன் ஒலி மாறும். ஆனால் கணினி திணறினால் ஒலி அறுபடும். கூட்டினால் அறுபடாது, ஆனால் கை சொன்னது காதுக்குத் தாமதமாக வந்து சேரும். இவற்றையெல்லாம் சரிசெய்து பார்த்தும் மென்பொருள் மீண்டும் நின்றது. அதன் பின்னரே உண்மையைச் சொன்னான். விலை கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்த நகலொன்றை நண்பனிடம் பெற்றிருந்தான்.

எனக்குச் சினம் பொங்கியது. "விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று விற்றால் நம் வயிறு எரிகிறதே! நம்மைக் காக்க 1985-இல் சட்டமே இயற்றினார்கள். பிறன் உழைப்பை நீ மட்டும் திருடலாமா?" என்றேன்.

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லிய குரலில், "அப்பா, அக்காளின் கல்லூரிக் கட்டணம் கட்டிய ஆண்டு செம்பு ஜரிகையில் நெய்தீர்களே. அதைச் சுத்த ஜரிகை என்று விற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும் அல்லவா?" என்றான்.

அவன் குரலில் ஏளனம் இல்லை; அதுவே என்னைச் சுட்டது. சுத்த ஜரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. போலி ஜரிகையில் வெள்ளிக்குப் பதில் செம்பு இருக்கும். வாங்குபவர் அறியாவிட்டாலும் நெய்தவன் அறிவான். நான் அறிந்தும் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு இருவருமாக வேறு மென்பொருள் தேடினோம். செராட்டோ, டிராக்டர், ரெகார்ட்பாக்ஸ், விர்ச்சுவல் டி.ஜே. எனப் பல உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிச்சிறப்பு உண்டு. பெயர் பெற்றது எது என்று பாராமல், 'நம் பழைய கணினி தாங்குமா? நம்மிடமுள்ள கருவியோடு இணையுமா? நமக்கு வேண்டிய ஃபில்டரும் எக்கோவும் உண்டா?' என்றே கேட்டோம். 2001-இல் தொடங்கப்பட்டு, தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும் 'மிக்ஸ்' என்னும் இலவச மென்பொருள் எங்களுக்குப் பொருந்தியது. கூலிக்கு இசைப்பவரும் அதைத் தடையின்றிப் பயன்படுத்தலாம். வீட்டிலேயே ஆறு மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்த பிறகே அவன் அதை மண்டபத்திற்கு எடுத்துச் சென்றான்.

என் கணக்கு மட்டும் தீராதிருந்தது. ஒப்புரவு அருட்சாதனத்தில் என் குற்றத்தை அறிக்கையிட்டேன். சக்கேயுவைப்போல் நான்மடங்கு திருப்பித்தர என்னால் இயலவில்லை. அப்புடவைகளை உடுத்திய பெண்கள் யாரென்றும் அறியேன். ஆகவே அவற்றுக்குப் பெற்ற கூலியைப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்து வருகிறேன். பொய் சொல்லி விற்கப்படும் சரக்கை இனி நெய்யமாட்டேன் என்று அந்த முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். "நீ இல்லாவிட்டால் இன்னொருவன்" என்றார் அவர்.

இரண்டு மாதங்கள் என் தறியில் பாவு ஏறவில்லை. அந்த இரண்டு மாதங்களும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது, நான் இழித்துப் பேசிய அதே தொழிலின் வருவாயால்.

பெற்றோரே, பிள்ளைகளைத் திருத்த நாம் வாய் திறக்கும்போது, அவர்கள் நம்மையும் திருத்தக்கூடும். அதற்கு நாணவேண்டாம். அறுந்த இழை எந்தப் பக்கத்தில் கிடந்தாலும், குனிந்து எடுத்துப் பிணைப்பதே நெய்பவன் கடமை.