நாலு போல்ட் வழக்கு

1990களின் நடுப்பகுதி. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் என் சீனியரின் ஆபீஸ். நான் கறுப்புக் கோட்டு மாட்டி இரண்டு வருஷம்கூட ஆகாத ஜூனியர். ஒரு சனிக்கிழமை காலை, வாசலில் பஜாஜ் சேட்டக் ஒன்று வந்து நின்றது. அதன் இடப்பக்கம், கூடை மாதிரி ஒரு சைடு கார்.

வந்தவர் மந்தைவெளியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துபவர். வயதான அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கபாலி கோயிலுக்குக் கூட்டிப்போக முடியாது. கார் வாங்கவும் வசதியில்லை. புதுப்பேட்டையில் பழைய சைடு கார் ஒன்று வாங்கி, லஸ் பக்கம் மரத்தடியில் கடை போட்டிருந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஆர்.சி. புத்தகத்திலும் ஒழுங்காக ஏற்றியாயிற்று. பதினொரு வருஷம் ஓட்டினார்.

ஒரு மாலை ஆர்.கே. மடம் ரோட்டில், நடைபாதையிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவரின் காலில் சைடு காரின் சக்கரம் ஏறிவிட்டது. ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு வலப்பக்கக் கணக்கு தெரியும். இடப்பக்கம் துருத்தி நிற்கும் அந்த இரண்டடி அவசரத்தில் மறந்துபோகும். பெரியவருக்குக் கால் எலும்பு முறிவு. ஹைகோர்ட் வளாகத்திலிருந்த ஸ்மால் காசஸ் கோர்ட்டில் எம்.சி.ஓ.பி., அதாவது விபத்து இழப்பீட்டு மனு, போட்டார். நம்மவர் முதல் எதிர்மனுதாரர், காப்பீட்டு நிறுவனம் இரண்டாவது.

இதில் வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் இல்லை. காப்பீட்டு நிறுவனம் தாக்கல் செய்த கவுன்ட்டரைப் படிக்கும்வரை அப்படித்தான் நினைத்தோம்.

அவர்கள் சொன்னது இதுதான். இந்த வண்டிக்கு மூன்று சக்கரம், ஆகவே இது மோட்டார் சைக்கிள் அல்ல. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் கார்' என்பதற்கு ஒரு விநோதமான விளக்கம் உண்டு. போக்குவரத்து வாகனம், ஆம்னிபஸ், ரோடு ரோலர், டிராக்டர், மோட்டார் சைக்கிள், ஊனமுற்றோர் வண்டி ஆகிய இவற்றில் எதுவும் இல்லாதது எல்லாம் மோட்டார் கார். அப்படியானால் இந்த சேட்டக் ஒரு மோட்டார் கார். ஓட்டியவரிடம் இருப்பதோ மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டும். உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதால் நாங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

கட்சிக்காரர் வெலவெலத்துப் போனார். "அவர் கேக்கற தொகை ஆறு மாச வரும்படி சார். கையிலேர்ந்து கட்டச் சொன்னா இன்ஸ்டிடியூட்டை மூட வேண்டியதுதான்" என்றார். பிறகு அவரே கசப்பாகச் சிரித்தார். "கார் வாங்க முடியலைன்னுதான் சார் இதை மாட்டினேன். இப்ப இதையே காருங்கறாங்க!"

சீனியர் பேர் ஆக்ட்டை, அதாவது சட்டத்தின் மூல வாசகப் புத்தகத்தை, என் பக்கம் தள்ளினார். "பதில் அப்புறம் எழுதலாம். ரெண்டாம் பிரிவை முதல்ல படிப்பா." பிரிவு 2, உட்பிரிவு 27. மோட்டார் சைக்கிள் என்றால் இருசக்கர மோட்டார் வாகனம். அதனுடன் இணைக்கப்பட்ட, கூடுதல் சக்கரம் கொண்ட, கழற்றக்கூடிய சைடு காரும் அதில் அடங்கும். துள்ளிக் குதித்தேன். சீனியர் குதிக்கவில்லை. 'கழற்றக்கூடிய' என்ற சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். "அவன் இதைத்தான் பிடிப்பான்."

பிடித்தார். பதினொரு வருஷமாகக் கழற்றாத, வண்டியோடு சேர்த்துப் பெயின்ட் அடித்த ஒன்று எப்படிக் கழற்றக்கூடியதாகும்? அது நிரந்தரமாகவே மூன்று சக்கர வண்டிதான் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

நாங்கள் அந்த மெக்கானிக்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினோம். கிரீஸ் கறை போகாத விரல்களைக் கூண்டின் கட்டையில் வைக்கத் தயங்கி, பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். குறுக்கு விசாரணை ஆரம்பித்தது.

"மாட்டின பிறகு எத்தனை தடவை கழட்டினீங்க?"

"ஒரு தடவைகூட இல்லீங்க."

"அப்ப நிரந்தரமா மாட்டினதுதானே?"

"வெல்டிங் வைக்கலீங்களே. நாலு போல்ட்டு. பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இருந்தா கால் மணி நேர வேலைங்க."

நீதிபதி அதை அப்படியே பதிவு செய்தார். எதிர்த்தரப்பு மேற்கொண்டு கேட்கவில்லை.

வாதத்தில் சீனியர் இரண்டே விஷயம் சொன்னார். சட்டம் 'கழற்றக்கூடிய' என்கிறது; 'கழற்றிய' என்று சொல்லவில்லை. பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்றால், அதை நிரூபிக்க வேண்டியது காப்பீட்டு நிறுவனம். 1987-இல் ஸ்கேண்டியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. பெரியவருக்கு நிறுவனமே பணம் கட்டியது.

அந்த வழக்குக்குப் பிறகுதான் சட்டம் சக்கரங்களை எப்படிப் பார்க்கிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். எத்தனை சக்கரம் என்பதைவிட, சக்கரம் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். 1968-ஆம் வருஷத்து வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும், சைடு கார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருசக்கர வண்டி மோட்டார் சைக்கிள்தான் என்கிறது. சைடு காரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஹெல்மெட் வேண்டாம் என்று நம் சட்டத்தின் 129-ஆம் பிரிவில் ஒரு சலுகைகூட இருந்தது. 2019 திருத்தம் அதை எடுத்துவிட்டது.

அந்தத் திருத்தம் மாற்றிய இன்னொன்று முக்கியமானது. பழைய சட்டத்தில் ஊனமுற்றோர் வண்டி என்றால் அதற்கென்றே வடிவமைத்துக் கட்டியதாக இருக்க வேண்டும்; சாதாரண வண்டியை மாற்றியமைத்தால் மட்டும் போதாது. ஸ்கூட்டரின் இருபுறமும் சக்கரம் பொருத்தி ஓட்டியவர்கள் அந்த வரிக்கு வெளியே நின்றார்கள். 2019-இல்தான் முறைப்படி மாற்றியமைத்த வண்டியும் உள்ளே வந்தது. மற்றவர்களுக்கோ கதவு இறுகியிருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் கேரளத்து ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதுப்பேட்டை சைடு காரோடு ஒருவர் இன்று வந்தால், எனக்குக் கவலை லைசென்ஸைப் பற்றி இருக்காது, ஆர்.சி.யைப் பற்றித்தான் இருக்கும்.

வழக்கு முடிந்து சில வருஷம் கழித்து நம்மவர் மறுபடி வந்தார். கம்ப்யூட்டர் வந்து இன்ஸ்டிடியூட் படுத்துவிட்டது; டைப்ரைட்டர்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். ஸ்கூட்டருக்குப் பின்னால் சின்னத் தள்ளுவண்டியைக் கோத்து இழுத்துப் போகலாமா என்று கேட்டார். சீனியர் கையை உதறினார். "பக்கத்துல மாட்டினா அது உங்க ஸ்கூட்டர் சார். பின்னால கோத்தா அது டிரெய்லர், தனி வாகனம். அதுக்கு வேற பதிவு கேப்பான்." சட்டம் டிரெய்லர் என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே சைடு காரைப் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது.

கடைசியில் அந்த சேட்டக்கும் விலைக்குப் போனது. வாங்குபவருக்கு சைடு கார் வேண்டாம். கழற்றுவதற்கு அதே மெக்கானிக் வந்தார். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் வழுக்கியது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார், சுத்தியலால் தட்டினார். இரண்டு போல்ட் வந்தன. மற்ற இரண்டையும் ரம்பம் வைத்து அறுத்தார். முழுசாக ஒரு பிற்பகல் போனது என்று கட்சிக்காரர் போனில் சொன்னபோது, சீனியர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நல்லவேளை, 'கழட்டிக் காட்டு'ன்னு அன்னிக்கு ஒருத்தரும் கேக்கலை."