கடனும் ஊதியமும்: ஒரு தாதியின் கணக்கு

கல்வியைச் செல்வம் எனக் கூறுவது தமிழர் மரபு. ஆயின் அச்செல்வத்தைக் கடன்பட்டுப் பெற்று, பின்னர் அது தரும் வருவாயிலிருந்தே அக்கடனை அடைக்கும் ஏற்பாடு, 1945 ஆம் ஆண்டிலேயே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த இலங்கையில் வளர்ந்த மாணவர் பலருக்குப் பழக்கமற்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, கல்லூரி வாசலை மிதிக்கும் பொழுதே, "இப்படிப்பு எவ்வளவு கடனுக்குத் தகும்?" என்ற வினா மாணவர் முன் எழுந்து நிற்கின்றது. அவ்வினாவிற்கு அங்கே வழங்கப்படும் விடை எத்துணை நிறைவானது என்பதை, சமுதாயக் கல்லூரிகளின் தாதிக் கல்வியைக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

சமுதாயக் கல்லூரி என்பது மாணவர் தம் வீட்டிலிருந்தே சென்று கற்கக்கூடிய, பெரும்பாலும் ஈராண்டுப் பட்டம் வழங்கும் பொதுக் கல்லூரியாகும். முன்னர் அந்நாட்டுத் தாதியரிற் பெரும்பாலார் மருத்துவமனைகளிலேயே பயின்றனர். பயிற்சி என்ற பெயரில் விடுதிகளின் வேலைச்சுமையையும் அவர்களே தாங்கினர். தாதிக் கல்வியை ஈராண்டுக் கல்லூரிகளுக்குக் கொண்டுசெல்லும் எண்ணத்தை, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த மில்ட்ரெட் மொன்ராக் 1951 இல் தமது ஆய்வில் முன்வைத்தார். அடுத்த ஆண்டே அது பரிசோதனையாகத் தொடங்கப்பட்டது. இன்று ஈராண்டுப் பட்டதாரியும் நான்காண்டுப் பட்டதாரியும் ஒரே உரிமப் பரீட்சைக்கே தோற்றுகின்றனர். சித்தியடைந்தோர் இருசாராரும் பதிவுபெற்ற தாதியரே.

தராசின் இரு தட்டுகளையும் முதலில் நோக்கலாம். 2024-25 கல்வியாண்டில் சமுதாயக் கல்லூரியொன்றின் சராசரி ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 4,050 டொலர். வறிய மாணவருக்கு மத்திய அரசு வழங்கும் பெல் உதவிக்கொடையின் உச்சத் தொகை அவ்வாண்டில் 7,395 டொலர். ஆகவே கட்டணத்திற்காகக் கடன்படுவோரைக் காட்டிலும் வீட்டு வாடகை, போக்குவரத்து, உணவு, குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றுக்காகக் கடன்படுவோரே அங்கு மிகுதி எனலாம். மறுதட்டில் உள்ளது ஊதியம். 2024 மே மாதக் கணிப்பின்படி பதிவுபெற்ற தாதியரின் இடைய ஊதியம் ஆண்டுக்கு 93,600 டொலர். தாதி உதவியாளரின் இடைய ஊதியம் 39,530 டொலர்.

முதியோர் இல்லமொன்றில் தாதி உதவியாளராகப் பணிபுரியும் ஒரு பெண், இப்படிப்பிற்காக 12,000 டொலர் கடன்பட்டாள் எனக் கொள்ளலாம். அவ்வாண்டில் வழங்கப்பட்ட கடனுக்குரிய வட்டி வீதம் நூற்றுக்கு 6.53. பத்தாண்டுகளில் அடைப்பதாயின் மாதந்தோறும் ஏறத்தாழ 136 டொலர் செலுத்த வேண்டும். பதிவுபெற்ற தாதியின் இடைய மாத வருவாயாகிய 7,800 டொலரில் இது நூற்றுக்கு இரண்டிற்கும் குறைவு. இக்கணக்கை மட்டும் காண்போர், தயங்காது கடன்படுக என்றே கூறுவர். கணக்கில் பிழையும் இல்லை.

ஆயினும் தட்டில் வைக்கப்படாத எடைகள் சில உள. இடைய ஊதியம் என்பது இருபது ஆண்டு அனுபவமுடையோரையும் உள்ளடக்கியது. மிகக் குறைவாகப் பெறும் பத்தில் ஒரு பங்கினர் 66,030 டொலருக்கும் குறைவாகவே பெறுகின்றனர். கலிபோர்னியாவின் ஊதியத்தை அலபாமாவில் எதிர்பார்த்தல் இயலாது. ஈராண்டுப் படிப்பு என்பதும் முழு உண்மையன்று. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல் முதலிய பாடங்களை முன்னதாகக் கற்று, போதிய விரிவுரையாளரும் பயிற்சி இடங்களும் இன்மையால் மட்டுப்படுத்தப்பட்ட அனுமதிக்காகக் காத்திருந்து முடிக்குங்கால் மூன்று, நான்கு ஆண்டுகள் கழிந்துவிடுதல் உண்டு. அதன் பின்னரும் மேற்படிப்பு காத்திருக்கின்றது. 2020 ஆம் ஆண்டளவில் தாதியருள் நூற்றுக்கு 80 பேர் நான்காண்டுப் பட்டம் உடையோராதல் வேண்டும் என அந்நாட்டு மருத்துவ நிறுவகம் 2010 இல் பரிந்துரைத்தது. நியூயோர்க் மாநிலம் 2017 இல் இயற்றிய சட்டம், புதிதாக உரிமம் பெறுவோர் பத்தாண்டுகளுக்குள் அப்பட்டத்தைப் பெறுதல் வேண்டும் என விதித்தது. முதற்கடன் தீருமுன் இரண்டாவது கடன் தொடங்குதலும் கூடும்.

இவை அனைத்தினும் பெரிய எடை ஒன்றுண்டு. கல்வித் திணைக்களம் கல்லூரிகளை ஒப்பிட்டு வெளியிடும் பட்டியலில் காணப்படும் இடையக் கடன், படிப்பை முடித்தவர்களின் கடனாகும். மேலே கண்ட பதிவுபெற்ற தாதியரின் ஊதியமும் முடித்தவர்களின் ஊதியமே. இடையில் நின்றவர்கள் அவ்விரு தட்டுகளிலும் இல்லை. மேற்கூறிய பெண் மருத்துவமனைப் பயிற்சிக்காகத் தன் வேலைநேரத்தைக் குறைக்கின்றாள். குழந்தை நோயுற்ற வாரத்தில் வகுப்பைத் தவறவிடுகின்றாள். இரு பாடங்களில் தவறியவரை விலக்கிவிடும் விதியுள்ள கல்லூரிகளும் உண்டு. முதலாண்டோடு அவள் நின்றுவிட்டால் பட்ட கடன் அவளை விட்டு நீங்காது. பழைய ஊதியத்திலிருந்தே அதனை அடைத்தல் வேண்டும். வங்குரோத்து அடைந்தவருக்கும், மிகக் கடுமையான இன்னலை நிரூபித்தாலன்றி, மாணவர் கடனிலிருந்து விடுதலை இல்லை.

அந்நாட்டுக் கடன் விவரங்களை ஆராய்ந்தோர் கண்ட உண்மையொன்று இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. பெருங்கடன் பட்டோரிலும் சிறுகடன் பட்டோரே தவணை தவறுவதில் முன்னிற்கின்றனர். காரணம் வெளிப்படை. பெருங்கடன் பட்டவர் பெரும்பாலும் படிப்பை முடித்தவர். சிறுகடன் பட்டவருட் பலர் பாதிவழியில் நின்றவர். எனவே கடனின் பாரம் அதன் தொகையினால் மாத்திரம் அமைவதன்று. கரை சேர்ந்தவருக்கு 12,000 டொலர் இலகுவானது, சேராதவருக்கு 5,000 டொலரும் தாங்கொணாதது.

இதனால் இக்கல்வி பயனற்றது என்பது பெறப்படாது. தாதி உதவியாளராக இருந்த ஒருத்தியின் வருவாயை இரட்டிப்பாக்கவல்ல படிப்புகள் எந்நாட்டிலும் பல இல்லை. ஆனால் சேர முன்வரும் மாணவி, கட்டணத்தையும் ஊதியத்தையும் வினவுவதோடு, அக்கல்லூரியிற் சேர்ந்தோருள் எத்தனை பேர் படிப்பை முடித்தனர், முடித்தோருள் எத்தனை பேர் உரிமப் பரீட்சையில் முதன்முறையிலேயே சித்தியடைந்தனர் என்பனவற்றையும் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு உரிய விடையை அவள் ஒருத்தியின் உழைப்பு மாத்திரம் தந்துவிட முடியாது. குழந்தைப் பராமரிப்பு நிலையம், மாலை வகுப்பு, பின்தங்கியோருக்கு மேலதிகப் பாடம், அவசரச் செலவுக்குச் சிறு உதவி ஆகியவற்றைக் கல்லூரி வழங்குகின்றதா என்பதிலேயே அவள் கரை சேர்வது பெரிதும் தங்கியுள்ளது. நோயாளியைக் காக்கத் தாதியர் போதாது என்று கூறும் சமுதாயம், தாதியாக வர முயன்று இடைவழியில் வீழ்ந்தவளிடம் வட்டியோடு கடனை அறவிடுவது அவளுக்கு மட்டுமன்றித் தனக்கும் இழைக்கும் கேடாகும்.