தராசுத் தட்டு

திண்டுக்கல் என்றதும் பூட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெளியிலிருந்து வரும் திருடனுக்குப் பூட்டுப் போடலாம்; கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் மனத்துக்கு எந்தப் பூட்டைப் போடுவது?

யூதர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட 'மிஷ்னா' என்னும் அவர்களுடைய சட்டநூல், கடைக்காரர் எடைக்கற்களை வாரம் ஒருமுறை துடைக்கவேண்டும். தராசுத் தட்டையோ ஒவ்வொரு நிறுவைக்குப் பின்னும் துடைக்கவேண்டும் என்கிறது.

நம் கடைத்தெருவில் புளி நிறுத்த தட்டைப் பாருங்கள். அதில் ஒட்டிய பிசுக்கு அடுத்தவர் கணக்கில் ஏறிவிடுகிறது. திருடவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, துடைக்கத்தான் நினைக்கவில்லை. அந்த அலட்சியத்துக்கும் இடங்கொடுக்கவில்லை அந்தச் சட்டம்.

வாங்குகிறவரையும் அது விட்டுவைக்கவில்லை. வாங்கும் எண்ணமே இல்லாமல் விலை கேட்பது, விற்பவனை வார்த்தையால் வஞ்சிப்பதாம்! பத்துப் பூட்டை எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, 'சும்மா பார்த்தேன்' என்று நடையைக் கட்டுகிறவர்கள் கவனிக்கட்டும்.

இறைவன் முன் தீர்ப்புக்கு நிற்கும் மனிதனிடம் முதலில் கேட்கப்படுவது, கொடுக்கல் வாங்கலில் நாணயமாக நடந்தானா என்பதுதான் என்கிறது தல்மூத். வேதம் படித்தானா என்ற கேள்வி அதற்கு அப்புறந்தான் வருகிறது.