உல்லையிலிருந்து

அன்பின் மச்சானுக்கு,

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி தாண்டிப் பொத்துவிலுக்கு வந்து, பாலத்தைக் கடந்தால் உல்லை. வெளிநாட்டுக்காரருக்கு இதுதான் அறுகம்பை. நம்ம ஊரில் இந்தப் பெயரைச் சொன்னாலே பெரியாக்கள் முகம் சுளிப்பார்கள்.

1970களில் அலையைத் தேடி வந்த சிலரால்தான் இது சுற்றுலா இடமாகத் தொடங்கியது. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். அதனால் அலை குலையாமல், முனையைச் சுற்றி நீளமாக உடைந்து வரும். யுத்த காலத்திலும் நீர்ச்சறுக்கு ஆட்கள் வருவது முற்றாக நிற்கவில்லை. 2004 சுனாமி கரையையே துடைத்துப் போட்டது. அதன் பிறகு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். ஹோட்டல்களுக்கு மட்டும் விலக்கு. மீன்பிடிக்காரர் வீதிக்கு இறங்கினார்கள். அது நியாயமான கோபம். இந்தக் கரை முதலில் அவர்களுடையது.

இப்போது ஆட்டோக் கூரைகளில் நீர்ச்சறுக்குப் பலகை கட்டியிருக்கிறது. ரொட்டிக் கடை வாசலில் நம்மட பொடியன் ஒருவன் பலகைக்கு மெழுகு தேய்த்தபடி, வெள்ளைக்காரிக்கு ஆங்கிலத்தில் அலையின் போக்கை விளக்குகிறான். வாங்கு சொன்னதும் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தொழப் போகிறான். 2018இல் இங்கே பெண்களுக்கென்றே நீர்ச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள். நாட்டிலேயே அதுதான் முதலாவது. பெண் பிள்ளை கடலில் இறங்குவதா என்ற பேச்சை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இறங்கினார்கள். எனக்கு இந்த ஊரில் ஆகப் பிடித்த விஷயம் அதுதான்.

இன்னொன்றையும் உன்னிடம் மறைக்காமல் எழுத வேண்டும். இரண்டு ஆண்கள் சோடியாக வந்து ஒரே அறை எடுத்தால், இங்கே யாரும் துருவிக் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பெருந்தன்மை வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குத்தான். அதே மனசுள்ள பொத்துவில் பொடியனுக்கு உல்லையிலும் இடமில்லை. அவன் கொழும்புக்கோ கட்டாருக்கோதான் போக வேண்டும். 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365ஏ பிரிவுகள் அவன் தலைக்கு மேல் தொங்குகின்றன. 1995இல் திருத்தியபோது தளர்த்தவில்லை, பெண்களையும் அதற்குள் சேர்த்தார்கள். குற்றமாக்கும் பிரிவை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொல்லியும், அது அப்போது சட்டமாகவில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று நீ கேட்பாய். அதை ஆலிம்களிடம் கேள். நான் கேட்பது வேறு: ஒரு பிள்ளையை அடித்து, பூட்டி வைத்து, ஊரை விட்டே துரத்த எந்தத் தகப்பனுக்கு அனுமதி இருக்கிறது? வந்தவர்களுக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தெரிந்த நமக்கு, நம்மட பிள்ளைகளுக்கு அது ஏன் முடியவில்லை?

நீ வாத்தியார். இப்படி ஒரு பிள்ளை என்றைக்காவது உன்னிடம் வாய் திறந்தால், முழுசாகக் கேள் மச்சான். அவன் சம்மதமில்லாமல் வீட்டுக்குச் சொல்லிவிடாதே.

உன் மச்சான்